பர்மாக்கார பிரண்டு சோழர் புக்கு கேக்குறான், எதக் குடுக்குறது?

பான்சோடான் பிளாட்பாரம்
எல்லாருக்கும் வணக்கம், ரங்கூன்ல இருந்து எழுதுறேன். ஒரு விசயத்துல ஐடியா வேணும். என்கூட ஸ்கூல்ல படிச்ச பர்மாக்கார பிரண்டு ஒருத்தன், இப்ப கப்பல்ல எஞ்சின் ரூம் வேலை, இன்னும் பன்னெண்டு நாள்ல ஏறப்போறான், ஏறுனா ஒம்பது மாசம் கழிச்சுத்தான் வருவான். போன ஞாயித்துக்கிழம டீக்கடையில ஒக்காந்து பேசிட்டிருந்தோம், திடீர்னு "டேய், உங்க சோழ ராஜா எங்க ஊரப் பிடிச்சானாமே, யூடியூப்ல ஒருத்தன் மேப் போட்டு பர்மா கரை பூரா கலர் அடிச்சு வெச்சிருக்கான், நெசமா?"ன்னு கேட்டான். கோவமா கேக்கல, சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான், ஆனா எனக்குத்தான் பதில் வரல. புக்கு தர்றேண்டான்னு வாய விட்டுட்டேன்.

சோழர் மட்டும்னு இல்ல, ஒரு ராஜ்ஜியம் எப்படி கடல் தாண்டிப் போவுது, எப்படி விழுவுதுன்னு பொதுவா புரியிற மாதிரி ரெண்டு மூணு புக்கு சொல்லுங்க. தமிழ் தெரியாது, இங்கிலீஷ் நல்லா படிப்பான். ரொம்ப கனமா வேணாம், பெட்டியில கிலோ கணக்கு இருக்கு.

தட்டோன் ராசா
இதுல யோசிக்க என்ன இருக்கு தம்பி? நீலகண்ட சாஸ்திரி எழுதுன சோழர் வரலாறு. முடிஞ்சுது. இங்கிலீஷ்லயே எழுதுனவரு, 1935-லயும் 37-லயும் ரெண்டு பாகமா வந்துச்சு, 1955-ல திருத்தி ஒரே புக்கா போட்டாங்க, கல்வெட்டு ஆதாரம் இல்லாம லேசுல ஒரு வரி எழுத மாட்டாரு. 1025-ல ராஜேந்திரன் கப்பல் படை போச்சு, கடாரத்த அடிச்சுச்சு, மெய்க்கீர்த்தியில, அதான் ராஜா புகழ் பாடுற கல்வெட்டு வரியில, ஊர் ஊரா வரிசை இருக்கு, அதுல "காப்புறு நிறைபுனல் மாப்பப்பாளமும்"னு ஒண்ணு வருதுல்ல அது நம்ம பர்மா கரைதான். இத எதுக்கு ஒளிக்கணும்? கேட்டவன்கிட்ட நெஞ்ச நிமித்திக் குடு. நாலு தலைமுறையா நம்மள "கலா கலா"ன்னுதான், அதாவது வெளிநாட்டான்னுதான் கூப்புடுறாங்க, ஒரு தடவையாவது நாம யாருன்னு தெரிஞ்சுக்கட்டுமே.

வியாசர்பாடி பர்மா
தம்பி நம்ம வோட்டு பொன்னியின் செல்வனுக்கு. இங்கிலீஷ்லயும் வந்துருச்சு. எங்கப்பா 64-ல ரங்கூன்ல இருந்து கப்பல்ல வரும்போது துணிமணிய விட்டுட்டு பைண்டு பண்ண கல்கி பொஸ்தகத்த தூக்கினு வந்த ஆளு. சரித்திரம்னா அதான்ப்பா சரித்திரம்.

பான்சோடான் பிளாட்பாரம்
அண்ணே அது நாவல். அதுவும் அஞ்சு பாகம், அவன் பெட்டியில அதுவே நெறஞ்சிரும். கதையும் இலங்கையோட நின்னுருது, ராஜராஜன் பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருது. ராஜேந்திரன் பொறக்கவே இல்ல 😀

மோல்மேன் டீச்சர்
ராசா தம்பி, கோவிச்சுக்காதீங்க, அந்த மாப்பப்பாளத்த மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாப்போம். அது பர்மா கரைன்னு சொல்றதுக்கு என்ன ஆதாரம்? இலங்கையோட பழைய வரலாற்று நூல் மகாவம்சத்துல ராமஞ்ஞ தேசத்து துறைமுகம்னு பப்பாளம மாதிரி ஒரு பேர் வருது, அந்த ராமஞ்ஞம்கிறது நம்ம இருக்குற மோன் நாடு, பேர் ஒத்துப் போவுது, அதனால இதுவும் அதுவும் ஒண்ணுன்னு சில பேர் எழுதுனாங்க. இல்ல அது மலாயா பக்கம்னு சொல்றவங்களும் இருக்காங்க. சரி அதுவே நம்ம கரைதான்னு வெச்சுக்குவோம், ஒரு துறைமுகத்த ஒரு தடவ அடிச்சுட்டுப் போனதுக்கும் ஊரப் பிடிச்சு ஆண்டதுக்கும் வித்தியாசம் இல்லையா? பெகுவுல கெடச்ச ரெண்டு கருங்கல் தூணைக் காட்டி இது ராஜேந்திரன் நட்ட வெற்றித் தூண்னு வெள்ளக்காரன் காலத்து தொல்லியல் ரிப்போர்ட்டுலயே போட்டாங்க, அதுவும் பின்னால நிக்கல. இன்னிக்கு வரைக்கும் நம்மாளுங்க அந்தத் தூணைத்தான் வாட்ஸப்புல தூக்கிக்கிட்டு அலையிறாங்க.

பர்மாவுல தமிழுக்கு நெசமான கல்லு ஒண்ணு இருக்கு, அத யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. பழைய பர்மா தலைநகர் பகான்ல இருக்குற கல்வெட்டு, 13-ம் நூற்றாண்டு. மலைமண்டலத்துல, அதான் இன்னிக்கு கேரளா, மகோதயர்பட்டணத்துக்காரர், குலசேகர நம்பின்னு பேரு, வியாபாரி. புக்கம் ஆன அரிவட்டணபுரத்துல இருக்குற நானாதேசி விண்ணகர்ங்கிற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, ஒரு நிலைவிளக்கு எரிய வெச்சேன்னு தமிழ்ல எழுதி வெச்சிருக்கார். மேல முகுந்தமாலையில இருந்து ஒரு சமஸ்கிருத சுலோகம். புக்கம்னா பகான். அவ்ளோதான் அந்தக் கல்லு, எவனையும் ஜெயிச்சதாச் சொல்லல. ஆண்டது பகான் ராஜா, கோயில் கட்டுனது நம்ம வியாபாரி. அந்தப் பையனுக்கு இதச் சொல்லுங்க, மேப்ப விட இது நல்லா இருக்கும்.

புக்குன்னா ஹார்வி எழுதுன பர்மா வரலாறு குடுங்க, 1925-ல வந்தது. ஐ.சி.எஸ். அதிகாரி, நக்கல் புடிச்ச ஆளு, ஆனா படிக்க ஓடும். 1824 மார்ச்சோட நிறுத்திருவாரு, அதுக்கப்பறம் இங்கிலீஷ்காரன் வந்துட்டான்னு. சாஸ்திரி வேணாம்னு நான் சொல்லல, மொதல்ல வேணாம்.

தட்டோன் ராசா
டீச்சரக்கா அப்ப நம்மாளு எழுதுனா பெருமை அடிக்கிறது, வெள்ளக்கார அதிகாரி எழுதுனா வரலாறு, அப்படித்தானே? சாஸ்திரி என்ன வாட்ஸப்பு பார்ட்டியா? அவரே எத ஒத்துக்கணும் எத ஒத்துக்கக் கூடாதுன்னு தள்ளித் தள்ளித்தான் எழுதியிருக்காரு. ராஜேந்திரன் படையெடுத்தது நாட்டச் சேத்துக்கிறதுக்கு இல்லன்னு அந்தப் புக்கே சொல்லும், படிச்சா தெரியும். அதத்தான் குடுன்னு சொல்றேன். மேப் போட்டவன் பொய் சொன்னான்னா அதுக்கு மருந்து அந்தப் புக்கு தானே, அத ஒளிச்சு வெச்சு ஹார்விய குடுத்தா நாம பயந்துட்டோம்னு ஆவும்.

மோல்மேன் டீச்சர்
இது நல்ல பாயிண்டு. ஒத்துக்குறேன். ஆனா அவ்ளோ தடிமனான புக்குல அந்தப் படையெடுப்பு எத்தன பக்கம்? மீதி பூரா ஊர்சபை, ஏரி வாரியம், நிலவரி, கோயில் தானம். கப்பல் எஞ்சின்காரன் திருப்பனந்தாள் பக்கம் எத்தன வேலி நெலம் இறையிலின்னு படிச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பானா?

தட்டோன் ராசா
எஞ்சின்காரனுக்கு அதான் புடிக்கும்க்கா. மெஷின் எப்படி ஓடுதுன்னு அதுலதான் இருக்கு.

கணக்கப்பிள்ளை பேரன்
ரெண்டு பேரும் ஆயிரம் வருசத்துக்கு முந்தி நடந்தத வெச்சு சண்ட போடுறீங்க. நம்மள இங்க கொண்டு வந்து எறக்குன சாம்ராஜ்ஜியத்தப் பத்தி ஒருத்தரும் பேசல. ராஜேந்திரன் கப்பல்ல எங்க தாத்தா வரல, வெள்ளக்காரன் கப்பல்ல டெக் டிக்கெட்ல வந்தாரு. பெகு பக்கம் ஒரு செட்டியார் கடையில கணக்கு எழுதுனாரு.

அந்தப் பையனுக்குப் புரிய வேண்டியது இது: 1824 மே மாசம் ரங்கூன்ல வந்து எறங்குன கம்பெனிப் படையில இருந்த சிப்பாய்ங்க பெரும்பாலும் மெட்ராஸ் ராணுவம். வங்காளத்து சிப்பாய்ங்க அந்த வருசம் நவம்பர்ல பாரக்பூர்ல போக மாட்டேன்னு நின்னாங்க, அவங்களச் சுட்டுத் தள்ளுனாங்க. நம்ம பக்கத்து ஆளுங்க கப்பல் ஏறி வந்தாங்க. சண்டையில செத்தத விட காய்ச்சல்லயும் பேதியிலயும் செத்தவங்கதான் கூட. 1826 பிப்ரவரியில பர்மா ராஜா தோத்து யண்டபோ ஒப்பந்தம், 1852-ல கீழ்பர்மா, 1885 நவம்பர்ல மாண்டலே, 1886 ஜனவரி 1-ந் தேதி நாட்டையே சேத்துக்கிட்டான். மூணு சண்டையிலயும் துப்பாக்கி புடிச்ச கை நம்ம கையி. இத ஒரு பர்மாக்கார பிரண்டுகிட்ட பேசாம சோழன் பெருமை பேசுனா அவன் மனசுக்குள்ள சிரிப்பான்.

என் ரெக்கமண்டேசன் பர்னிவால். 1948-ல வந்த புக்கு, பர்மாவையும் டச்சுக்காரன் ஆண்ட இந்தோனேசியாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதுனது. எல்லா சாதி சனமும் சந்தையில மட்டும் கலந்துக்கும், மத்த எடத்துல தனித்தனி, அதுதான் காலனி நாடுன்னு சொன்ன மனுசன். டீக்கடையில ஒக்காந்து பாருங்க, இன்னும் அப்படித்தான் இருக்கோம்.

தட்டோன் ராசா
ஆகா, இப்ப நாமளே குத்தவாளி ஆயிட்டோம். அண்ணே சிப்பாயா போனவன் வயித்துக்குப் போனான். நெலத்தப் புடுங்குனது நீங்க கணக்கு எழுதுன பார்ட்டிங்கதானே, அதச் சொல்லுங்க பாப்போம்.

கணக்கப்பிள்ளை பேரன்
சொல்லத்தான் வந்தேன். 1930-ல கீழ்பர்மாவுல முக்கியமான 13 நெல்லு ஜில்லாவுல செட்டியார் கையில இருந்த நெலம் நூத்துக்கு 6. 1938-ல 25. எட்டு வருசம். நெலத்துக்கு ஆசப்பட்டு யாரும் வாங்கல, உலகம் பூரா மந்தம் வந்து நெல்லு வெல விழுந்துச்சு, கடன் வாங்குனவன் கட்ட முடியல, அடமானம் இருந்த வயலு கடைக்கு வந்துச்சு, வித்துத் தள்ளலாம்னா வாங்க ஆள் இல்ல. வட்டிக் கடைக்கு வேணுங்கிறது ரொக்கம், வயலு இல்ல. ஆனா வயல எழந்த பர்மாக்காரன் கண்ணுக்கு முன்னால நின்னது லண்டன் பேங்க் இல்ல, நெத்தியில விபூதி போட்ட ஏஜெண்டு. 1930-லயும் 38-லயும் கலவரம். 42-ல குண்டுக்குப் பயந்து இந்தியாவுக்கு நடை. 48-ல நிலச் சட்டம், 64-ல கடையெல்லாம் அரசாங்கத்துக்கு, 50, 100 கியாட் நோட்டு ராத்திரியோட ராத்திரியா செல்லாது.

இத நியாயமா எழுதுன புக்குன்னா ஷான் டர்னெல்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் 2009-ல எழுதுனது, பர்மா பேங்கு, வட்டிக்கடை வரலாறு. செட்டியார பலி குடுத்துட்டாங்கன்னுதான் அவர் கட்சி. எனக்கு முழுசா ஒப்புதல் இல்ல. எங்க தாத்தா எழுதுன பேரேட்டுல வட்டிக் கணக்க நானே பாத்திருக்கேன், அந்தக் கையெழுத்து அழகா இருந்துச்சு, கணக்கு அழகா இல்ல.

சூலியா பையன்
நடுவுல பூந்துக்குறேன். ஒரே ஒரு புக்குன்னா நான் பகதூர் ஷா ஜாபர் பத்தி டால்ரிம்பிள் எழுதுனதத்தான் சொல்வேன், 2006-ல வந்தது. டெல்லி பாதுஷாவ வெள்ளக்காரன் இங்க ரங்கூன்ல கொண்டாந்து போட்டான், 1862-ல இங்கயே மவுத்தாயி, கபுர் எங்கன்னே தெரியாமப் போயி 1991-ல தோண்டும்போது கெடச்சுது. நாங்க தர்காவுக்குப் போவோம். 1885-ல பர்மாவோட கடைசி ராஜா திபோவ இங்க இருந்து இந்தியாவுக்குக் கொண்டு போயி ரத்னகிரியில போட்டான், அவரு 1916-ல அங்கயே முடிஞ்சாரு. வெள்ளக்காரன் இந்தியா ராஜாவ பர்மாவுல பொதச்சான், பர்மா ராஜாவ இந்தியாவுலன்னு இந்தப் பையன்கிட்ட சொன்னாலே போதும், கத முடிஞ்சுது. இதுல யாருக்கு யாரு எதிரி?

வியாசர்பாடி பர்மா
பாய் சூப்பர் பாயிண்டு. அத்தோ வாங்கித் தரேன் பாரீஸ் கார்னர் வந்தா.

மோல்மேன் டீச்சர்
பேரன் சொன்னதுல ஒரு பங்கு சரி. ஆனா அந்தப் பையன் கேட்டது வேற கேள்வி. "உங்க ராஜா எங்க ஊரப் பிடிச்சானா"ன்னு கேக்குறவனுக்கு அவன் ஊரும் சாம்ராஜ்ஜியமா இருந்துச்சேன்னு ஞாபகப்படுத்தணும். பயின்னவுங் 1551-ல இருந்து 81 வரைக்கும் பெகுவுல ஒக்காந்து ஆண்டாரு, தாய்லாந்தோட பழைய தலைநகர் அயுத்தியாவ ரெண்டு தடவ பணிய வெச்சாரு, ஷான், லன்னா, லாவோஸ் வரைக்கும் போனாரு. 1767-ல திரும்பப் போயி அயுத்தியாவ எரிச்சதும் பர்மாப் படைதான். 1785-ல அரக்கான், மகாமுனி சிலையையே தூக்கிட்டு வந்துட்டாங்க. தாய்லாந்துக்காரன் ஒருத்தன் அந்தப் பையன்கிட்ட "உங்க ராஜா எங்க ஊர எரிச்சானாமே"ன்னு கேட்டா அவன் என்ன புக்கு குடுப்பான்?

அப்பறம் ராசா தம்பிக்கு ஒண்ணு. 1106-ல பகான்ல இருந்து சீனாவுக்குத் தூது போச்சு. சோழனுக்கு செஞ்ச மரியாதையே போதும்னு மொதல்ல சொல்லியிருக்காங்க. உடனே சடங்கு பாக்குற அதிகாரிங்க எந்திரிச்சு, சோழன் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்குனவன், பகான் பெரிய தனி நாடு, அதனால கூட மரியாத செய்யணும்னு மனு போட்டு மாத்துனாங்க. சோங் வம்சத்து வரலாற்றுல இருக்கு 🙂

தட்டோன் ராசா
என்னது?? சோழன் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்குனவனா? அடிச்சதே நாமதான! அது சீனாக்காரனுக்கு ஸ்ரீவிஜயத்து ஆளு ஏத்தி விட்ட கதையா இருக்கும்க்கா, வழியில உக்காந்திருக்குறவன் தானே சேதி சொல்றவன்.

மோல்மேன் டீச்சர்
இருக்கலாம். நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா பாருங்க, எழுதி வெச்சவன் சொல்றதுதான் நிக்குது. மெய்க்கீர்த்தியும் நம்ம ராஜா எழுதி வெச்சதுதானே.

தட்டோன்காரர்கிட்ட இன்னொண்ணு சொன்னா அடிக்க வருவீங்க. 1057-ல பகான் ராஜா அநோரதா தட்டோன அடிச்சு, மோன் ராஜாவையும் புத்த வேதமான பிடகத்தையும் யானை மேல ஏத்தி பகானுக்குக் கொண்டு போனாருன்னு ஸ்கூல்ல படிச்சோம்ல, மைக்கேல் அவுங்-த்வின் 2005-ல ஒரு புக்கே எழுதிட்டாரு, அப்படி ஒரு மோன் ராஜ்ஜியம் அந்தக் காலத்துல இருந்ததுக்கே அந்தக் காலத்துக் கல்வெட்டு இல்ல, எல்லாம் பின்னால கட்டுனதுன்னு.

தட்டோன் ராசா
எங்க ஊரயே இல்லன்னு சொல்லிட்டாங்களா 😂😂 போங்கக்கா. கோட்டை மதில் மிச்சம் இன்னும் நிக்குது, நான் தெனம் சைக்கிள்ல அத சுத்தித்தான் கடைக்குப் போறேன்.

(ஆனா அந்தப் புக்கு இருந்தா படிக்கக் குடுங்க. சண்ட போடுறதுக்காவது படிக்கணும்.)

கணக்கப்பிள்ளை பேரன்
தமிழ்ல ஒண்ணு விட்டுப் போச்சு, பையனுக்கு ஆவாது, நமக்கு. வெ. சாமிநாத சர்மா. 1932-ல இருந்து 42 வரைக்கும் ரங்கூன்ல இருந்த மனுசன், 37-ல இங்க இருந்துதான் ஜோதி பத்திரிகை நடத்துனாரு. கிரீஸ், சீனா, ரோம்னு ஊர் ஊரா வரலாறு எழுதுனவரு கடைசியில குண்டு விழுந்தப்ப பொண்டாட்டியோட நடந்தே இந்தியா போனாரு. அந்த நடைய பர்மா வழிநடைப் பயணம்னு எழுதியிருக்காரு. ஒரு சாம்ராஜ்ஜியம் விழுறது மேப்ல எப்படித் தெரியும்னு ஆயிரம் புக்குல இருக்கு, காலு கொப்பளிக்க எப்படித் தெரியும்னு அதுல இருக்கு. எங்க பாட்டி அந்த வழியில நடந்தவ, அதப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல. அந்தப் புக்கப் படிச்சுத்தான் எனக்கு அவ ஏன் சோத்த மிச்சம் வெக்க விட மாட்டான்னு புரிஞ்சுது.

பான்சோடான் பிளாட்பாரம்
எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளா படிச்சுட்டேதான் இருந்தேன். நடந்தத சொல்றேன்.

நேத்து பழைய புக்கு கடைங்கள சுத்துனேன். நாம பான்சோடான்னு சொல்ற இந்த ரோட்டுக்கு வெள்ளக்காரன் காலத்துப் பேரு பேயர் ஸ்ட்ரீட், அந்த பேயர் துரைதான் கீழ்பர்மாவ ஆண்டுட்டு 1883-ல பர்மா வரலாறு எழுதுனவரு. அவர் ரோட்டு பிளாட்பாரத்துலயே அவர் புக்கோட மறுபதிப்பு மழைக்கு பிளாஸ்டிக் போத்திக் கெடக்கு. நான் பொறந்தது அநோரதா ரோட்டு பக்கம், காளியம்மன் கோயில்ல இருந்து ரெண்டு சந்து, அநோரதா யாருன்னு பரீட்சைக்கு மட்டும்தான் படிச்சேன், எனக்கே வெக்கமா இருந்துச்சு. ஹார்வி கெடச்சுது, அட்ட இல்ல, முதல் பக்கத்துல யாரோ பழைய மை பேனாவுல கையெழுத்து. கடைக்காரரு இருபதாயிரம் கியாட் சொன்னாரு, பன்னெண்டாயிரத்துக்கு முடிச்சேன்.

பிரண்டுகிட்ட பகான் கல்வெட்டு சமாச்சாரம் சொன்னேன். விளக்கு வெச்சாருங்கிறத ரெண்டு தடவ சொல்லச் சொன்னான். அவன் ஒரு கண்டிசன் போட்டான். "நான் உங்க சாஸ்திரிய படிக்கிறேன், நீ எங்க ஹ்மன்னான் யாசவின் படி, பர்மாலயே படி, இங்கிலீஷ்ல வேணாம்." 1829-ல பகிடோ ராஜா பண்டிதர்கள ஒக்கார வெச்சு எழுத வெச்சது, யண்டபோல தோத்து மூணே வருசத்துல. தோத்த ராஜாதான் வரலாறு எழுதச் சொல்றாரு பாருங்க. இங்கிலீஷ்ல 1923-ல வந்தது பகான் விழுறது வரைக்கும்தான், அதனால எனக்கு வேற வழியும் இல்ல. பத்தாவதுக்கு அப்பறம் பர்மா எழுத்துல போன் மெசேஜ் தவிர ஒண்ணும் படிச்சதில்ல.

பர்னிவால் அடுத்த தடவைக்கு. செட்டியார் விசயம் அவன்கிட்ட நான் இன்னும் பேசல. அவங்க அம்மா வழி ஊரு டெல்டா பக்கம், அங்க நெலம் போன குடும்பம்னு அவனே ஒரு நாள் சொல்லியிருக்கான். அது புக்கு குடுத்து முடியிற விசயமாத் தெரியல, டீக்கடையில பேசணும்.

தட்டோன் அண்ணே, ஆக சாஸ்திரி வேணும். இங்க எந்தக் கடையிலயும் இல்ல. உங்ககிட்ட இருக்கா?

தட்டோன் ராசா
இருக்கு, எங்கப்பா மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சது. ஒன்றரை கிலோ வரும், பெட்டியில எடம் பண்ணச் சொல்லு. கடாரம் வர்ற பக்கத்துல டீக்கறை இருக்கும், அது என் வேலை. வெள்ளிக்கெழம பஸ்ல குடுத்து விடுறேன், டிரைவர் நம்பர் தனியா அனுப்புறேன். ஒம்பது மாசம் கழிச்சு புக்கு திரும்ப வரணும் தம்பி, இல்லன்னா ரங்கூனுக்கு நானே படையெடுத்து வருவேன்.

மோல்மேன் டீச்சர்
அதயும் மெய்க்கீர்த்தியில சேத்துக்குங்க.